தவறான விடைக்கும் ஒரு பெயர் உண்டு: எம்பிஏ நுழைவுத் தேர்வின் மொழி, தர்க்கப் பகுதிகளுக்குப் பயிற்சி செய்வது எப்படி

எம்பிஏ நுழைவுத் தேர்வுக்குப் படிப்பவரிடம் "இன்றைக்கு என்ன படித்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஓர் எண்ணிக்கைதான் பதிலாக வரும். நாற்பது கேள்வி போட்டேன், ஆறு பத்தி முடித்தேன். கணக்குப் பகுதியில் இந்த எண்ணிக்கைக்குப் பலன் உண்டு. போடப் போடக் கை பழகிவிடும். மொழித்திறனிலும் தர்க்கத்திலும் அப்படி நடப்பதில்லை. ஐம்பதாவது கேள்வியில் செய்த தவறையே ஐந்நூறாவது கேள்வியிலும் செய்துகொண்டிருப்போம். நான் நான்கு மாதம் அப்படித்தான் ஓட்டினேன். மாதிரித் தேர்வில் மதிப்பெண் ஒரே இடத்தில் நங்கூரம் போட்டு நின்றது. அப்புறம்தான் விஷயம் பிடிபட்டது. சரியான விடையைத் தேடப் பழகியிருந்தேனே தவிர, மற்ற மூன்றும் ஏன் தவறு என்று வாயைத் திறந்து சொல்லப் பழகவில்லை.

கேள்வி போடுகிறவருக்குச் சரியான விடையை எழுதுவது பெரிய வேலை இல்லை. அவருடைய உழைப்பெல்லாம் மற்ற மூன்றில்தான். அவை பார்ப்பதற்குச் சரி போலவும் இருக்க வேண்டும், யாராவது வழக்குத் தொடுத்தால் தவறு என்று நிரூபிக்கவும் முடிய வேண்டும். அதனால் அவர் பயன்படுத்தும் தந்திரங்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடுகின்றன. கீழே வரும் பயிற்சி முறை முழுவதும் அந்த விரல்களை எண்ணுவதற்கான வழிதான்.

முதல் படி: எந்தத் தேர்வு, என்ன விதி

கேட் (CAT), எக்ஸ்ஏடி, சிமேட், என்மேட், ஸ்னாப், டான்செட் என்று எல்லா நுழைவுத் தேர்வுகளையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் படிப்பவர்கள் அதிகம். பாடம் ஓரளவு பொதுவானதுதான். ஆனால் விதிகள் வேறு. விதி மாறினால் பயிற்சியும் மாறும்.

ஐஐஎம்கள் (இந்திய மேலாண்மைக் கழகங்கள்) நடத்தும் கேட் தேர்வில் மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒரு பகுதியின் நேரம் முடியாமல் அடுத்ததற்குப் போக முடியாது. 2024 தேர்வில் மொழிப் பகுதியில் 24 கேள்விகள் இருந்தன. அவற்றில் 16 நான்கு பத்திகளை ஒட்டியவை. தரவும் தர்க்கமும் சேர்ந்த பகுதியில் 22. சரியான விடைக்கு 3 மதிப்பெண், தவறான விடைக்கு 1 குறையும். விடையைத் தட்டச்சு செய்ய வேண்டிய கேள்விகளுக்குக் குறைப்பு கிடையாது.

எக்ஸ்எல்ஆர்ஐ என்ற மேலாண்மைக் கல்லூரி நடத்தும் எக்ஸ்ஏடியில் ஐந்து விடைத் தேர்வுகள். தவறுக்குக் கால் மதிப்பெண் போகும். எட்டுக் கேள்விக்கு மேல் விட்டுவிட்டால், அந்த எட்டுக்கு மேல் விட்ட ஒவ்வொன்றுக்கும் 0.10 குறைப்பார்கள். முடிவெடுத்தல் என்று தனிப் பகுதியும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் டான்செட்டில் இரண்டு மணி நேரத்தில் 100 கேள்விகள், தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு குறைப்பு. என்மேட்டில் குறைப்பே இல்லை, அதனால் அங்கே ஒரு கேள்வியைக்கூட வெறுமையாக விட்டுவிட்டு வரக் கூடாது.

இன்னொன்று. பழைய புத்தகக் கடையில் வாங்கிய தடித்த வழிகாட்டியை அப்படியே நம்பாதீர்கள். எதிர்ச்சொல், ஒப்புமைச் சொற்கள் போன்ற நேரடிச் சொற்களஞ்சியக் கேள்விகள் இப்போதைய கேட் தேர்வில் இல்லை. வெளிநாட்டு எம்பிஏ படிப்புகளுக்குப் பலர் எழுதும் ஜிமேட் தேர்வின், 2023 இறுதியில் வந்த புதிய வடிவத்தில் வாக்கியத் திருத்தமே எடுக்கப்பட்டுவிட்டது. இல்லாத கேள்விக்கு இரண்டு மாதம் போவது சாதாரணமாக நடக்கிறது.

இரண்டாம் படி: ஒரே தாளை இரண்டு முறை

எதையும் படிப்பதற்கு முன் பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, கடிகாரம் வைத்து, மொழி, தர்க்கம் ஆகிய இரண்டு பகுதிகளை மட்டும் எழுதுங்கள். விடையைப் பார்க்காதீர்கள். மறுநாள் அதே தாளை நேரக் கட்டுப்பாடு இல்லாமல் வேறு நிற மையில் எழுதுங்கள். அப்புறம் இரண்டையும் திருத்துங்கள்.

நேரத்தோடு எழுதியபோது பத்துச் சரி, நேரமில்லாமல் எழுதியபோது இருபது சரி என்றால் உங்களுக்குப் புரிகிறது, வேகம்தான் இல்லை. பத்தும் பன்னிரண்டும் என்று வந்தால் வேகப் பயிற்சி உங்களுக்கு இப்போது வேண்டாம். அது தவறான விடைகளை இன்னும் சீக்கிரமாகத் தரும், அவ்வளவுதான். இந்த இரண்டு நோய்க்கும் மருந்து வேறு.

கேட் வினாத்தாள்களில் ஒரு வசதி உண்டு. தேர்வு முடிந்ததும் எழுதியவர்களுக்கு அவரவர் விடைத்தாளும் விடைக்குறிப்பும் அதிகாரபூர்வமாகவே கிடைத்துவிடுகின்றன. அதனால் அண்மை ஆண்டுகளின் தாள்கள் அசல் வாசகத்தோடு புழக்கத்தில் இருக்கின்றன. மொழிப் பகுதிக்கு இவற்றை மிஞ்சிய பயிற்சிப் பொருள் கிடையாது. தனியார் மாதிரித் தேர்வுகளில் இரண்டு விடைகள் ஒன்றுக்கொன்று சண்டை போடுவது உண்டு, அசல் தாளில் அது அபூர்வம்.

மூன்றாம் படி: ஆங்கிலத்தில் வாசி, தமிழில் சொல்

தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் ஆங்கிலப் பத்தியைக் கண்டதும் சொல் சொல்லாக மனத்துக்குள் மொழிபெயர்க்கத் தொடங்குவார்கள். அது வேகத்தைக் கொன்றுவிடும். அதற்காகத் தமிழை அடியோடு ஒதுக்கிவிடு என்று சொல்லப்படும் அறிவுரையிலும் எனக்கு உடன்பாடில்லை. தமிழை வேறு இடத்தில் பயன்படுத்தலாம்.

ஒரு பத்தியை ஆங்கிலத்திலேயே வாசியுங்கள். முடித்ததும் தாளை மூடிவிட்டு, வீட்டில் இருப்பவருக்குச் சொல்வது போல, ஒரே ஒரு தமிழ் வாக்கியத்தில் சொல்லுங்கள்: "இந்த ஆள் என்ன சொல்கிறான் என்றால்…" ஆங்கிலத்திலேயே சுருக்கினால் பத்தியில் இருந்த சொற்களையே திருப்பிப் போட்டுவிட்டுப் புரிந்துவிட்டதாக நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளலாம். தமிழில் அந்தத் திருட்டு நடக்காது. புரியாவிட்டால் வாக்கியம் வராது.

தினமும் இரண்டு கட்டுரை போதும். நாளிதழ்த் தலையங்கம் மட்டும் வாசிப்பதில் ஒரு குறை: அதன் வாதம் நேர்கோட்டில் போகும். தேர்வுப் பத்திகளோ தத்துவம், மானுடவியல், கலை வரலாறு, சூழலியல் என்று எங்கெங்கோ சுற்றும். ஆசிரியர் பிறர் கருத்தை முதலில் எடுத்துவைத்து, நடுவில் மெல்லத் திரும்புவார். அந்தத் திருப்பத்தைப் பிடிக்கப் பழக வேண்டும் என்றால் நீண்ட கட்டுரைகளுக்குத்தான் போக வேண்டும். உங்களுக்குப் பிடிக்காத துறையாகப் பார்த்து எடுங்கள். பிடித்த துறையை வாசிப்பது பயிற்சியில் சேராது.

நான்காம் படி: விடைகளுக்குப் பெயர் வைப்பது

இதுதான் மையம், நேரம் எடுத்துக்கொண்டு பார்ப்போம். தேர்வு ஆங்கிலத்தில் இருந்தாலும் தந்திரம் எந்த மொழியிலும் ஒன்றுதான், எனவே தமிழிலேயே ஓர் எடுத்துக்காட்டு:

"சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் குறையும் என்று பொதுவாக நம்பப்படுகிறது. ஆனால் புதிதாகக் கிடைத்த இடம், முன்பு பேருந்தில் போனவர்களையும் பயணத்தையே தவிர்த்தவர்களையும் காரில் ஏற்றிவிடுகிறது. சில ஆண்டுகளில் பழைய நெரிசல் திரும்பிவிடுகிறது. அதற்காகச் சாலை விரிவு வீண் என்று சொல்ல முடியாது. முன்பைவிட அதிகம் பேர் போக வேண்டிய இடத்துக்குப் போகிறார்கள்."

ஆசிரியரின் மையக் கருத்து எது?

1. சாலைகளை அகலப்படுத்துவது பொதுப்பணத்தை வீணாக்குவது.
2. பேருந்து வசதியைக் கூட்டினால்தான் நெரிசல் குறையும்.
3. சாலை அகலமானால் பேருந்துப் பயணிகள் சிலர் காருக்கு மாறுகிறார்கள்.
4. சாலை விரிவு கூடுதல் பயணங்களுக்கு இடம் தருகிறது, நெரிசலை நிலையாகக் குறைப்பதில்லை.

விடை 4 என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்கு ஓடுவதுதான் பழைய பழக்கம். கொஞ்சம் நில்லுங்கள். முதல் விடை ஆசிரியர் வெளிப்படையாக மறுத்ததைச் சொல்கிறது, இதன் பெயர் "தலைகீழ்". இரண்டாவது நியாயமான கருத்துத்தான், நமக்கும் சரியென்றே படும், ஆனால் பத்தியில் அது இல்லை; இது "வெளியூர்". மூன்றாவது பத்தியில் இருக்கிறது, உண்மையும்கூட. கேட்டதோ மையக் கருத்து. வந்ததோ ஒரு துணுக்கு. இது "உண்மை, ஆனால் கேட்டது அதில்லை". நன்றாக வாசிப்பவர்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகைதான், ஏனென்றால் பத்தியில் சரிபார்க்கப் போனால் வரி கிடைத்துவிடுகிறது.

இப்போது நான்காவது விடையில் ஒரு சொல்லை மாற்றுங்கள்: "நெரிசலை ஒருபோதும் குறைப்பதில்லை." கெட்டுப்போயிற்று. சில ஆண்டுகளுக்குள் திரும்பிவிடுகிறது என்றால் இடையில் குறைந்திருக்கிறது என்றுதானே பொருள்? இதன் பெயர் "மிகை". எல்லாம், மட்டுமே, எப்போதும், ஒருபோதும் என்ற சொற்களைக் கண்டால் நின்று பார்க்க வேண்டும். கண்டவுடனே அடித்துவிடவும் கூடாது. ஆசிரியரே அவ்வளவு அழுத்தமாகச் சொல்லியிருந்தால் அந்த விடையே சரியானதாக இருக்கும். ஐந்தாவது வகை "பாதி சரி": முன்பாதி பத்தியிலிருந்து, பின்பாதி கேள்வி போட்டவரின் கைச்சரக்கு. விடையின் கடைசிச் சொல் வரை வாசிக்காதவர்களுக்காகவே வைக்கப்பட்ட கண்ணி.

பயிற்சி இதுதான்: ஒரு பத்தி, நான்கு கேள்வி, பன்னிரண்டு தவறான விடைகள். பன்னிரண்டுக்கும் பக்கத்தில் பெயரை எழுதுங்கள். முதல் நாள் ஒரு பத்திக்கு முக்கால் மணி நேரம் ஆகும். சலிப்பாகத்தான் இருக்கும். மூன்று வாரத்தில் விடையை வாசிக்கும்போதே பெயர் தானாக நாக்கில் வந்து நிற்கும். பத்துப் பத்தியை இப்படிச் செய்வது, நூறு பத்தியை விரட்டி முடிப்பதைவிட மேல் என்பது என் அனுபவம்.

ஐந்தாம் படி: பத்தி வரிசை, ஒட்டாத வாக்கியம், சுருக்கம்

கலைத்துப்போட்ட வாக்கியங்களை அடுக்கும் கேள்வி கேட் தேர்வில் தட்டச்சு வகையாகத்தான் வருகிறது. விடைத் தேர்வுகள் இல்லாததால் அவற்றைப் பார்த்துக் கழிக்கும் பழைய உத்திக்கு இங்கே வேலை இல்லை.

1. இந்த இழைகள்தான் உணவை உறிஞ்சி உயிரியை வளர்க்கின்றன.
2. ஆகவே குடையைப் பறித்துவிட்டால் காளான் ஒழிந்தது என்று நினைப்பது தவறு.
3. நாம் காளான் என்று பறிப்பது அந்த உயிரியின் ஒரு சிறு பகுதி மட்டுமே.
4. மீதி உடல் மண்ணுக்கடியில் மெல்லிய இழைகளாகப் பரவிக் கிடக்கிறது.

முதல் வாக்கியம் எது என்று தேடித் தொடங்காதீர்கள். பிரிக்க முடியாத ஜோடியைத் தேடுங்கள். "இந்த இழைகள்" என்றால் இழைகள் ஏற்கெனவே வந்திருக்க வேண்டும்: 4-1. "மீதி உடல்" என்றால் ஒரு பகுதி பேசப்பட்டிருக்க வேண்டும்: 3-4. மிச்சம் தானாக அமர்ந்துவிடும்: 3-4-1-2. ஆங்கிலத்திலும் இந்த, அவை, அத்தகைய, ஆனால், ஆகவே என்ற பொருள் தரும் சுட்டுச்சொற்களும் இணைப்புச்சொற்களும்தான் கொக்கிகள்.

ஒட்டாத வாக்கியத்தைக் கண்டுபிடிக்கும் கேள்வியில் எல்லா வாக்கியமும் ஒரே தலைப்பைப் பற்றித்தான் இருக்கும், கோணம் மட்டும் ஒன்றில் மாறும். காளானின் உடலமைப்பைப் பேசும் நான்குக்கு நடுவே காளானைச் சமைப்பது பற்றி ஒன்று வந்தால் கண்டுபிடித்துவிடலாம். காளான் எப்படிப் பரவுகிறது என்று வந்தால்தான் சிக்கல். ஐந்தையும் வரிசையாக அடுக்கிப் பார்த்து, எது இடம் கிடைக்காமல் நிற்கிறது என்று பாருங்கள். பத்திச் சுருக்கக் கேள்விக்கு நான்காம் படியின் அதே ஐந்து பெயர்கள் போதும்.

ஆறாம் படி: வாதத்தில் ஓட்டை எங்கே

"வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதித்த பிறகு எங்கள் நிறுவனத்தில் மருத்துவ விடுப்பு குறைந்துவிட்டது. ஆகவே வீட்டிலிருந்து வேலை செய்வது ஊழியரின் உடல்நலத்தைக் கூட்டுகிறது."

இந்த வாதம் சொல்லாமல் எதை நம்புகிறது? சான்று விடுப்பைப் பற்றியது, முடிவு உடல்நலத்தைப் பற்றியது. இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளம்தான் கேள்வி. காய்ச்சலோடு படுக்கையில் சாய்ந்தபடியே மடிக்கணினியைத் திறந்து வேலை பார்ப்பதால் விடுப்பு குறைந்திருக்கலாம் அல்லவா? அப்படி நடக்கவில்லை என்பதே இந்த வாதத்தின் எடுகோள்.

எடுகோள் கேள்விக்கு நம்பகமான சோதனை ஒன்று உண்டு: விடையை எதிர்மறையாக்குங்கள். "ஊழியர்கள் நோயோடும் வேலை பார்ப்பதால்தான் விடுப்பு குறைந்தது" என்று மாற்றியதும் வாதம் சரிந்து விழுகிறதா? விழுந்தால் அதுதான் எடுகோள். அசையாமல் நின்றால் வேறு விடையைப் பாருங்கள். வலுவாக்குவது, பலவீனப்படுத்துவது என்று வரும் கேள்விகளிலும் இதே பள்ளம்தான். மேலே பாலம் போடுகிறீர்களா, இன்னும் ஆழமாகத் தோண்டுகிறீர்களா என்பதுதான் வேறுபாடு.

எக்ஸ்ஏடியின் முடிவெடுத்தல் பகுதிக்கு ஒரு வரி: கேள்வியில் தரப்படாத தகவலை நீங்களாகச் சேர்த்துக்கொண்டால்தான் ஒரு விடை சரியாகும் என்றால், அந்த விடை சரி இல்லை.

ஏழாம் படி: நிபந்தனைகள்

இதைச் சீக்கிரம் கடந்துவிடலாம், ஆனால் தவறாமல் கடக்க வேண்டும். "கமலா வந்தால் ரவி வருவான்." ரவி வரவில்லை என்றால் கமலா வரவில்லை, உறுதி. ரவி வந்திருக்கிறான் என்றால்? கமலாவைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. "ரவி வந்தால் மட்டுமே கமலா வருவாள்" என்ற வாக்கியமும் முதல் வாக்கியம் சொன்னதையேதான் சொல்கிறது. இதை நம்ப மறுப்பவர்கள் தாளில் நான்கு சாத்தியங்களையும் எழுதி அடித்துப் பாருங்கள். ஒரு முறை செய்தால் போதும்.

"எல்லா மேலாளர்களும் பட்டதாரிகள், சில பட்டதாரிகள் வாசகர்கள்" என்பதிலிருந்து மேலாளருக்கும் வாசகருக்கும் எந்த உறவும் கிடைக்காது. "சில மேலாளர்கள் பட்டதாரிகள், எல்லாப் பட்டதாரிகளும் வாசகர்கள்" என்றால் சில மேலாளர்கள் வாசகர்கள் என்பது உறுதி. வட்டம் போட்டுப் பாருங்கள்.

எட்டாம் படி: அமர்வுப் புதிர்கள்

ஐந்து பேர் இடமிருந்து வலமாக 1 முதல் 5 வரையுள்ள இருக்கைகளில் அமர்கிறார்கள். அமுதா ஓர் ஓரத்தில். தாமுவின் எண் எழிலின் எண்ணுக்கு அடுத்தது. பாலுவுக்கும் சித்ராவுக்கும் நடுவே சரியாக இருவர். பாலு ஓரத்தில் இல்லை. அமுதாவுக்குப் பக்கத்தில் இருப்பவர் யார்?

கொடுத்த வரிசையிலேயே தொடங்கினால் அமுதாவுக்கு இரண்டு இடம், தாமு–எழில் ஜோடிக்கு நான்கு இடம் என்று கிளை விரிந்துகொண்டே போகும். மிகக் குறைந்த சாத்தியமும் அதிக ஆட்களும் உள்ள நிபந்தனையை முதலில் பிடியுங்கள். நடுவே இருவர் என்றால் பாலுவும் சித்ராவும் 1, 4 அல்லது 2, 5. முதலாவதில் அமுதா 5, எழில் 2, தாமு 3. பாலு ஓரத்தில் இல்லை என்பதால் அவர் 4. இரண்டாவதில் அமுதா 1, எழில் 3, தாமு 4, பாலு 2.

இரண்டு அமைப்புகள் மிஞ்சுகின்றன. பலர் இங்கே பதறிப்போய், எங்கோ தவறிவிட்டோம் என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். தேவையே இல்லை. இரண்டிலும் அமுதாவுக்குப் பக்கத்தில் பாலுதான். ஒரே அமைப்புக்கு வந்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் இந்தப் பகுதியில் நேரத்தை விழுங்குகிற பூதம்.

கேட் தேர்வில் இன்னொரு திறமையும் வேண்டும்: எந்தப் புதிரை எடுப்பது என்று தேர்ந்தெடுப்பது. 40 நிமிடத்தில் முதல் ஐந்து நிமிடத்தை எல்லாப் புதிர்களையும் மேலோட்டமாக வாசிக்கவே ஒதுக்குங்கள். இதற்கும் தனிப் பயிற்சி உண்டு. பழைய தாளை எடுத்து, ஒன்றையும் போடாமல், எளிது முதல் கடினம் வரை வரிசைப்படுத்தி எழுதிவையுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்து, வரிசை சரியா என்று பாருங்கள். சிறிய புதிர் எளியது என்ற எண்ணம் முதல் வாரத்திலேயே உடைந்துவிடும்; நிறைய நிபந்தனை தரப்பட்ட நீளமான புதிர்தான் பல நேரம் சீக்கிரம் அவிழும். எட்டு நிமிடமாகியும் அட்டவணையில் புதிதாக ஒன்றும் ஏறவில்லை என்றால் எழுந்து அடுத்ததற்குப் போய்விட வேண்டும்.

ஒன்பதாம் படி: பிழை நோட்டு

தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டே வரி. நான் தேர்ந்தெடுத்த விடையின் பெயர் என்ன (தலைகீழ், வெளியூர், மிகை…), அது அந்த நேரத்தில் ஏன் சரியாகப் பட்டது. இரண்டாவது வரிதான் கடினம். "கவனக்குறைவு" என்று எழுதித் தப்பிக்கக் கூடாது. "கேள்வியில் 'தவிர' என்ற சொல்லை விட்டுவிட்டேன்", "எனக்கு ஏற்கெனவே தெரிந்த தலைப்பு, பத்தியைப் பார்க்காமலேயே பதில் சொன்னேன்" என்று எழுதுங்கள். என் நோட்டில் முதல் மாதம் பாதிக்கு மேல் வெளியூர்தான். சொந்தக் கருத்தை ஆசிரியர் தலையில் கட்டும் பழக்கம் எனக்கு இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. சரியாகப் போட்டாலும் சந்தேகத்தோடு போட்ட கேள்விகளையும் இதில் சேருங்கள்.

மாதிரித் தேர்வுகள் வாரத்துக்கு ஒன்று, கடைசி மாதத்தில் இரண்டு. எழுதிய நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் அலச ஒதுக்க முடியாவிட்டால் அந்த வாரம் எழுதவே வேண்டாம்.

பத்தாம் படி: விடுவதா, ஊகிப்பதா

கேட் விதிப்படி நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் சராசரியாகக் கிடைப்பது பூஜ்யம்: நான்கு முறையில் ஒரு முறை 3 வரும், மூன்று முறை 1 போகும். ஒரு விடையை உறுதியாகக் கழித்துவிட்டால் கதை மாறுகிறது. மூன்று முறையில் ஒரு முறை 3 வரும், இரண்டு முறை 1 போகும். கேள்விக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் சராசரி லாபம். இரண்டைக் கழித்தால் ஒரு மதிப்பெண். பெயர் வைக்கப் பழகியதன் கூலி இங்கேதான் கைக்கு வருகிறது; எது சரி என்று தெரியாத கேள்வியிலும் எது "மிகை" என்று தெரிந்துவிடும்.

தட்டச்சுக் கேள்விகளை வெறுமையாக விடாதீர்கள், பத்தி வரிசையில் உறுதியான ஜோடி ஒன்று கிடைத்தாலே மிச்சத்தை ஊகித்து நிரப்பிவிடுங்கள். கடைசி வாரம் புதிய பத்தி, புதிய புதிர் எதுவும் வேண்டாம். பிழை நோட்டில் உள்ள கேள்விகளை, பழைய விடையை மறைத்துவிட்டு, திரையில் வைத்து மறுபடி போடுங்கள். மறுபடியும் அதே விடையில் கை போனால், அந்தக் கேள்வியை மட்டும் கிழித்துத் தனியாக வைத்து, தேர்வுக்கு முந்தைய மாலையில் ஒரு முறை பாருங்கள்.